சர்க்கரை மணலாகும் இலை: பெரம்பலூர், அரியலூரில் இரண்டு நாள்

போன தை மாதம், பொங்கல் விடுமுறை முடிந்து வந்த சனி ஞாயிறில் நானும் என் அண்ணனும் பெரம்பலூர், அரியலூர் பக்கம் போய் வந்தோம். அந்தப் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் கோயிலுக்குப் போவார்கள், இல்லாவிட்டால் கல்லாய்ப் போன கடல் கிளிஞ்சல் பார்க்கப் போவார்கள். நாங்கள் போனது செடி பார்க்க. சர்க்கரை நோய்க்குக் காலங்காலமாகச் சொல்லப்படும் செடிகள் அவை வளரும் மண்ணில் எப்படி இருக்கின்றன என்று நேரில் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அண்ணனின் எண்ணம் வேறு. மாத்திரையை விட்டுவிட ஏதாவது வழி கிடைக்குமா என்று பார்க்க வந்தார்.

எங்கள் இருவருக்குமே சர்க்கரை உண்டு. எனக்கு ஆறு வருடமாக. திருச்சியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். அண்ணன் கணேசனுக்கு ஐம்பத்தைந்து வயது, உறையூரில் சின்னதாக ஒரு ஸ்வீட் கடை வைத்திருக்கிறார். பாகு பதம் பார்ப்பதற்கு இன்றைக்கும் அவர் யாரையும் நம்புவதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை முறை விரலை நாக்கில் வைப்பார் என்று அவருக்கே தெரியாது. எங்கள் அப்பாவுக்கும் இதே நோய் இருந்தது. கடைசி நாலு வருடம் அவர் ஒரு காலோடுதான் இருந்தார். அதனால் வீட்டில் இந்தப் பேச்சு வந்தாலே என் கண் முதலில் அண்ணனின் கால்களுக்குத்தான் போகும்.

மார்கழியில் டாக்டர் அண்ணனுக்கு மாத்திரையைக் கூட்டினார். இன்னும் மூன்று மாதத்தில் குறையாவிட்டால் ஊசிதான் என்றார். அதே வாரம் கடைக்கு வந்த ஒருவர், வரதராஜன்பேட்டையில் ஒரு டீச்சர் தோட்டம் போட்டிருக்கிறார், அங்கே இலை வாங்கிச் சாப்பிட்டு மாத்திரையையே விட்டவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அண்ணன் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டார். நான் ஒரு ஒப்பந்தம் போட்டேன். நானும் கூட வருகிறேன், அந்த டீச்சரிடமே கேட்போம், அதுவரை ஒரு வேளை மாத்திரைகூட நிறுத்தக் கூடாது. "சரி மாலா, உன் திருப்திக்கு" என்றார்.

சனிக்கிழமை காலை 6 மணிக்குத் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் சென்னை பஸ் ஏறினோம். பெரம்பலூர் சுமார் 60 கிலோமீட்டர், ஆளுக்கு 47 ரூபாய். பாடாலூர் தாண்டியதுமே சாலையின் இரண்டு பக்கமும் மஞ்சள் தொடங்கிவிட்டது. எல்லாம் ஆவாரை. யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. முள்ளும் சரளையுமாகக் கிடக்கிற மேட்டு நிலத்தில் இடுப்பு உயரத்துக்குச் செடி, செடி முழுக்கப் பூ. நான் கடையில் பாக்கெட்டில் வாங்கிக் காலையில் கொதிக்க வைத்துக் குடிக்கிற காய்ந்த பூ இதுதான் என்று நம்ப முடியவில்லை. வெயில் ஏற ஏற அந்த மஞ்சள் இன்னும் பளிச்சென்று ஆனது. ஜன்னலோரம் கேட்டு வாங்கி உட்காருங்கள், வலது இடது எதுவானாலும் சரி.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இட்லி சாப்பிட்டுவிட்டு அரும்பாவூர் பஸ் பிடித்தோம். வழியெல்லாம் சின்ன வெங்காயத்தை அறுத்து, நீளக் குவியலாகப் பட்டறை போட்டிருந்தார்கள். அதன் வாசம் பஸ்ஸுக்குள்ளேயே வந்தது. அரும்பாவூரில் இறங்கியபோது மேற்கே பச்சைமலை நீளமாகப் படுத்திருந்தது. அங்கிருந்து மலை அடிவாரம் ஆறேழு கிலோமீட்டர். செல்லமுத்து என்ற ஆட்டோக்காரர் போக வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து 350 ரூபாய் கேட்டார். வயது நாற்பது இருக்கும்.

"எதைப் பாக்கணுங்க? அருவியா?" என்றார்.

"சிறுகுறிஞ்சான் கொடி இருக்குமா?" என்று அண்ணன் கேட்டார்.

செல்லமுத்து திரும்பிப் பார்த்தார். "அதுக்கு எதுக்குங்க மல வரைக்கும்? காட்டுக்குள்ள போயி எலை பறிச்சா பாரஸ்ட்டுக்காரங்க விடமாட்டாங்க. எங்க வூட்டு வேலியிலயே கெடக்கு, வாங்க."

அவர் வீடு அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பருத்திக் காட்டின் ஓரத்தில் இருந்தது. வேலிக்கு ஊன்றிய கிளுவை மரங்களின் மேல் ஒரு கொடி சுற்றிச் சுற்றி ஏறியிருந்தது. பார்க்க ஒன்றுமே இல்லை. எதிரெதிராக இரண்டிரண்டு இலை, முனை கூர்மை, தடவினால் மெல்லிய பூனைமுடி போல ஒரு சொரசொரப்பு. அங்கங்கே கடுகுக் கொத்து மாதிரி வெளிர்மஞ்சள் பூ. சாலையில் போனால் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். செல்லமுத்து ஆளுக்கு இரண்டு இலை பறித்துக் கொடுத்தார். "நல்லா மெல்லுங்க. நாக்கு பூரா படணும். அப்பறம் துப்பிருங்க."

கசப்பும் லேசான உப்பும் கலந்த சுவை. ஒரு நிமிடம் மென்று துப்பிவிட்டு வாய் கொப்பளித்தோம். செல்லமுத்துவின் மனைவி உள்ளேயிருந்து ஒரு கிண்ணத்தில் சர்க்கரை கொண்டு வந்தார். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் போட்டேன்.

மணல். அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆற்று மணலை நாக்கில் வைத்தது போல நறநறவென்று இருந்தது, பிறகு கரைந்து போனது, அவ்வளவுதான். இனிப்பு என்று ஒன்று உலகத்தில் இருந்ததற்கான அடையாளமே இல்லை. இதைப் பற்றிப் பலமுறை படித்திருக்கிறேன். படித்ததற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. உடம்பு சிலிர்த்துப் போனது. எத்தனையோ வருடமாக என்னை ஆட்டிப் படைக்கிற ஒரு ஆசை, வேலியில் கிடக்கிற ஒரு இலைக்கு முன்னால் காணாமல் போய்விட்டது.

அண்ணன் மறுபடி ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தார். பிறகு தோள்பையைத் திறந்தார். டீச்சருக்குக் கொடுப்பதற்காகத் தன் கடை மைசூர்பாகு ஒரு பெட்டி கொண்டு வந்திருந்தார். அதைப் பிரித்து ஒரு மூலையைக் கிள்ளி வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் தடுக்கப் போனவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"என்னண்ணே?"

"நெய் தெரியுது. ஏலக்கா தெரியுது. கடல மாவு தெரியுது." இன்னும் கொஞ்சம் கிள்ளிப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார். "மாவு லேசா தீஞ்சிருக்கு மாலா. இத்தன நாளா சீனி அத மூடி வச்சிருந்திருக்கு."

முப்பது வருடமாகத் தானே செய்கிற பண்டத்தை அன்றைக்குத்தான் முதல்முறை ருசி பார்க்கிறவர் மாதிரி வேலியோரம் நின்றார். செல்லமுத்துவுக்கு ஒரே சிரிப்பு. "எங்க ஊருல புது மாப்பிள விருந்துக்கு வந்தா, பாயசத்துக்கு முன்னாடி மச்சினிச்சிங்க இத வெத்தலைக்குள்ள வச்சிக் குடுத்துருவாங்க சார். அவரு பாயசத்தக் குடிச்சிட்டு, சீனி போட மறந்துட்டாங்களான்னு வாயத் தொறக்க முடியாம முழிப்பாரு" என்றார். எங்களுக்கு அந்த விளைவு முக்கால் மணி நேரம் இருந்தது. கிளம்பும்போது அண்ணன் கேட்டு ஒரு கை நிறைய இலை வாங்கி, ஈரத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். அப்போது நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

மாலை பெரம்பலூர் திரும்பி அரியலூர் பஸ் ஏறினோம். 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, ஒரு மணி நேரம். சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டும். சாலையோர ஆவாரை இங்கேயும் உண்டு, ஆனால் இலையெல்லாம் வெள்ளைப் புழுதி. பூ மட்டும் அந்தப் புழுதிக்கு மேலே சுத்தமாக மஞ்சளாக நின்றது. இந்த ஊர்களின் சுண்ணாம்புக் கல்லெல்லாம் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது என்பார்கள். கடலடியில் ஆவாரை பூத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அரியலூரில் பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் இரண்டு கட்டில் அறை 1,100 ரூபாய். சுத்தமாக இருந்தது, கொசுவத்தி நீங்களே கொண்டு போங்கள்.

ஞாயிறு காலை திருமழபாடி போக வேண்டும் என்றது நான்தான். கொள்ளிடக் கரையில் மருத மரங்கள் பார்க்க ஆசை. முதல் பஸ்ஸில் போனோம். கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கரைக்கு நடந்தோம். கொள்ளிடம் அங்கே ஆறு மாதிரியே இல்லை, மணலால் ஆன ஒரு நாடு மாதிரி இருந்தது. நடுவில் இரண்டு மூன்று கிளையாகத் தண்ணீர். கரை மருத மரம் ஒன்றை நான் கட்டிப்பிடித்துப் பார்த்தேன், என் கை பாதிக்குக்கூட வரவில்லை. வழவழவென்ற வெளுத்த பட்டை. முக்கியமாக இதயத்துக்கு என்று சொல்லப்படுகிற இந்தப் பட்டையைச் சர்க்கரை நோய்க்கான கஷாயத்திலும் சேர்ப்பார்கள். பட்டை உரித்த இடத்தில் மரம் புதுப்பட்டை வளர்த்து மூடிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு தவறு நடந்தது. அண்ணன் ஏழரை மணிக்கு மாத்திரையைப் போட்டார். அவருடைய மாத்திரைகளில் ஒன்று, போட்டதும் சாப்பிட்டே ஆக வேண்டியது. டீக்கடையில் டீயும் பன்னும்தான் இருந்தன. நான் பன் சாப்பிட்டேன். அவர் சர்க்கரை இல்லாத டீ மட்டும் குடித்தார். "அரியலூர்ல போயி நல்லா சாப்பிடுவோம்" என்றார். அரியலூரில் இறங்கினால் ஜெயங்கொண்டம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, ஓடிப் போய் ஏறிவிட்டோம். ஜெயங்கொண்டத்தில் கேட்டபோது, "டீச்சரு வூட்டுக்கு நேரமாச்சு, வா" என்றார். பையிலிருந்து அவ்வப்போது எதையோ எடுத்து மென்றதை நான் பார்த்தேன். பாக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெயங்கொண்டத்திலிருந்து விருத்தாசலம் சாலையில் ஆண்டிமடம் பக்கம் போகப் போக முந்திரித் தோப்புகள். மரத்துக்குக் கீழே புல்கூட இல்லாத செம்மண் நிழல். வரதராஜன்பேட்டையில் இறங்கியபோது மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. நான் முன்பே போனில் பேசியிருந்ததால் ஸ்டெல்லா டீச்சர் ரோட்டுக்கே வந்து நின்றார். அரசுப் பள்ளியில் உயிரியல் எடுக்கிறவர். ஞாயிறு பூசை முடிந்து வந்த பட்டுப்புடவையோடு, காலில் தோட்டத்துச் செருப்பு. அவர் கணவர் அருளப்பன் முந்திரி விவசாயி, அதிகம் பேசாதவர்.

"வாங்க, வாங்க. சாப்புட்டீங்களா?" என்பதுதான் டீச்சரின் முதல் கேள்வி.

"ஆச்சு டீச்சர்" என்றார் அண்ணன்.

நான் திரும்பி அவரைப் பார்ப்பதற்குள் அவர் தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டார்.

அரை ஏக்கர் இருக்கும். கோவைக் கொடி, பாகல், கீழாநெல்லி, ஒரு பெரிய நாவல் மரம், ஒரு மூலையில் பந்தல் போட்டு ஏற்றிய சிறுகுறிஞ்சான். டீச்சர் என்னை நேராக ஒரு வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப் போனார். மேலே கிளையில் ஒரு சீந்தில் கொடி, தாம்புக்கயிறு கனத்தில். அண்ணாந்து பார்த்தேன். அதற்கு அடி இல்லை. நெஞ்சு உயரத்தில் வெட்டுப்பட்டு, வெட்டிய முனை காய்ந்து கறுத்து அந்தரத்தில் தொங்கியது. ஆனால் மேலே இலை பச்சைப்பசேல் என்றிருந்தது.

"போன சித்திரையில தெரியாம வேலையாளு வெட்டிட்டாருங்க. செத்துரும்னு நெனச்சேன். பாருங்க" என்று டீச்சர் கை காட்டினார். உயரத்திலிருந்து நூல் மாதிரி ஒன்று இறங்கி வந்துகொண்டிருந்தது. வேர். மெல்லிய, பச்சை கலந்த ஒற்றை வேர், காற்றில் ஆடிக்கொண்டே, ஆள் உயரத்துக்கு மேலிருந்து மண்ணைத் தேடி இறங்கியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதன் நுனி போன வாரம்தான் மண்ணைத் தொட்டதாம். "அமிர்தவல்லின்னு இதுக்கு ஏன் பேரு வச்சாங்கன்னு பசங்களுக்கு நான் புத்தகத்த வச்சி சொல்றதே இல்ல. இங்க கூட்டியாந்து நிறுத்திருவேன்."

எவ்வளவு நேரம் அந்த வேரையே பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. மண்ணே இல்லாமல் பல மாதம் உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதற்குள் கீழே இறங்க ஒரு வழியும் தயாரித்துக்கொண்டிருந்த கொடி. அந்த நேரத்தில்தான் பந்தல் பக்கமிருந்து அண்ணனின் குரல் கேட்டது. யாரையோ திட்டுகிற குரல்.

"என்ன பந்தல் போட்டிருக்கீங்க, மனுசன் நிமிர முடியல, யாரு கட்டினது இத?"

அண்ணன் அப்படிப் பேசுகிறவர் அல்ல. ஓடினேன். அருளப்பன் திகைத்துப் போய் நின்றார். அண்ணனின் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. தை மாதத்தில், நிழலில். கை நடுங்கியது. என்னைப் பார்த்து, "மாலா, வேலி ஆடுது பாரு" என்றார். வாயோரம் பச்சையாக இலைச் சாறு.

காலையிலிருந்து அவர் மென்றது பாக்கு இல்லை, நேற்றைய இலை என்று எனக்குப் புரிந்துவிட்டது. கீழே உட்கார வைத்து, பையிலிருந்த குளுக்கோமீட்டரில் விரலைக் குத்திப் பார்த்தேன். 49. எப்போதும் கையில் வைத்திருக்கும் குளுக்கோஸ் பொடியைப் பிரித்து ஒரு கரண்டி வாயில் போட்டேன். அவர் தூவென்று துப்பினார்.

"மண்ண அள்ளிப் போடுற வாயில!"

"குளுக்கோஸ்ண்ணே. முழுங்குண்ணே."

"மண்ணு. எனக்குத் தெரியாதா?" அவர் கை என் கையைத் தட்டிவிட்டது. பொடி அவ்வளவும் தரையில் கொட்டியது. அருளப்பன் ஓடிப் போய்த் தேன் கொண்டு வந்தார். அதை உதட்டில் தொட்டதும், விளக்கெண்ணெய் கொடுக்கிறீர்களா என்று பல்லைக் கடித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. மூளைக்குச் சர்க்கரை போகாமல் அவர் குழம்பிக்கொண்டிருக்கிறார். அதைக் கொடுத்தால் அவருடைய நாக்கு மண் என்று சொல்கிறது. நேற்று என்னைச் சிலிர்க்க வைத்த அதே இலை, அவருக்கும் அவர் உயிருக்கும் நடுவில் கதவை மூடிக்கொண்டு நின்றது. கண் செருகிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. அதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரியவில்லை.

"108-க்கு போன் போடுங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு டீச்சர் வீட்டுக்குள் போனார். ஒரு பித்தளை டம்ளரோடு வந்தார். அண்ணனுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார், பட்டுப்புடவையோடு.

"அண்ணே, இங்க பாருங்க. நீங்க கேட்டு வந்த மருந்து இதான். நம்ம தோட்டத்துக் கஷாயம். ருசி நல்லா இருக்காது. மூச்சப் புடிச்சிக்கிட்டு ஒரே மடக்கா குடிச்சிரணும்."

அண்ணன் டம்ளரைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். பிறகு நல்ல பிள்ளை மாதிரி இரண்டு கையாலும் வாங்கி மடமடவென்று குடித்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். டீச்சர் இன்னொரு டம்ளர் கொண்டு வந்தார். அதையும் குடித்தார்.

கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 76. வியர்வை நின்றிருந்தது. இன்னும் கொஞ்சம் கழித்துத் தானே நிமிர்ந்து உட்கார்ந்து, எதிரே இருந்த அருளப்பனைப் பார்த்து, "மன்னிச்சிருங்க, எதாச்சும் தப்பா பேசிட்டனா?" என்றார். அருளப்பன் சிரித்து, பந்தல் தாழ்வுதான், உயர்த்திக் கட்டுகிறேன் என்றார். ஆம்புலன்ஸ்காரர்களிடம் நிலைமை சொல்லி, தேவைப்பட்டால் திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னோம். சோறும் பருப்பும் கோவைக்காய்ப் பொரியலும் போட்டார்கள். அண்ணன் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிய பிறகுதான் நான் சாப்பாட்டில் கை வைத்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் கேட்டார். "டீச்சர், அந்தக் கஷாயத்துல என்ன எல போட்டீங்க? உடனே தெளிஞ்சிருச்சே."

"ரேசன் சீனிங்க. நாலு கரண்டி, தண்ணியில கரைச்சது."

அண்ணன் அந்தப் பித்தளை டம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

டீச்சர் விளக்கினார். நாக்கில் இனிப்பை உணர்வதற்கென்று இடங்கள் உண்டு. சர்க்கரை வந்து அதில் உட்கார்ந்தால்தான் இனிப்பு. இந்த இலையின் சத்து முந்திக்கொண்டு போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறது. குடலிலும் இது மாதிரி ஏதோ வேலை செய்கிறது, ஆராய்ச்சி நடக்கிறது என்றார். அண்ணனுக்கு வந்தது இலையாலா, வெறும் வயிற்றில் போட்ட மாத்திரையாலா, இரண்டும் சேர்ந்தா என்று இங்கே உட்கார்ந்து பிரித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். "மாத்திரை போட்டுட்டு சாப்பிடாம இருந்ததே இப்படி ஆகறதுக்குப் போதும். அதுக்கு மேல காலையிலேருந்து இந்த எலைய மென்னிருக்கீங்க."

"மாத்திரைய விட்டவங்க இருக்காங்கன்னு சொன்னாங்களே?" அண்ணனின் குரல் இறங்கியிருந்தது.

"ரெண்டு பேரு இருக்காங்கண்ணே. ஒருத்தரு தெனமும் நடந்து, சோத்தக் கொறச்சி, எடையக் கொறச்சாரு. எலையும் சாப்புட்டாரு. டாக்டரே பாத்துப் பாத்துக் கொறச்சி, கடைசியில நிறுத்தினாரு. இன்னொருத்தரு அவரா நிறுத்துனாரு. இப்ப வாரத்துக்கு ரெண்டு நாளு டயாலிசிஸ் போறாரு. ஊருக்குள்ள மொத ஆளப் பத்தி மட்டுந்தான் பேசுவாங்க." பிறகு தன்னையே காட்டிச் சொன்னார். "எனக்கும் சர்க்கரை உண்டு. நான் காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு மாத்திரை போடுறேன்."

"அப்ப எலைக்கு சக்தி இல்லைங்கிறீங்களா?"

"சக்தி இருக்கறதாலதான சொல்றேன். சக்தி இல்லாததுன்னா எவ்வளவு வேணும்னாலும் தின்னுட்டுப் போங்கன்னு விட்ருவேனே."

அண்ணன் எழுந்து போய்ப் பந்தலடியில் நின்று அந்தக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று ஒரு திருட்டுச் சாவியைப் பார்ப்பது போல அதைப் பார்த்தவர், இப்போது பார்த்த விதமே வேறு. பயம் என்று சொல்ல மாட்டேன். பெரிய ஆள் ஒருவருக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பவரின் முகம் அது. கிளம்பும்போது டீச்சர் ஒரு பையில் கொஞ்சம் இலையை வைத்துக் கொடுத்து, "வாயில போடறதுக்கு இல்ல, டாக்டருக்குக் காட்டறதுக்கு" என்றார். நாலரை மணி பஸ்ஸில் ஜெயங்கொண்டம் வந்து, அரியலூர் வழியாகத் திருச்சி சேர இரவு ஒன்பது ஆனது.

இதே மாதிரி போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஆவாரையும் சிறுகுறிஞ்சானும் பார்க்க மழைக்காலம் முடிந்த தை, மாசி நல்லது. சித்திரைக்கு மேல் வெயில் தாங்காது. பச்சைமலைக் காட்டுக்குள் எதையும் பறிக்காதீர்கள், வேலியோரச் செடியையும் சொந்தக்காரரைக் கேட்டுத் தொடுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அண்ணன்மார்களுக்கு உண்டு. எங்கள் இருவருக்கும் சாப்பாடு, அறை, ஆட்டோ எல்லாம் சேர்த்து 2,700 ரூபாய்க்குள் முடிந்தது. தனியார் தோட்டங்களுக்குப் போவதென்றால் முன்பே பேசிவிட்டு, ஞாயிறு மதியம் போங்கள். அவர்கள் வேலையும் பூசையும் உள்ளவர்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தனியாக. மாத்திரையோ ஊசியோ போட்டால் பஸ்ஸை விட்டாலும் பரவாயில்லை, சாப்பாட்டை விடாதீர்கள். குளுக்கோமீட்டர், குளுக்கோஸ் இரண்டும் கைப்பையில் இருக்கட்டும், மேலே லக்கேஜில் வேண்டாம். சிறுகுறிஞ்சானை ருசி பார்க்க ஆசையாக இருந்தால் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு, ஒரே ஒரு முறை, மென்று துப்பிவிடுங்கள். அப்போது கூட வருகிறவருக்கு ஒன்று சொல்லி வையுங்கள்: எனக்கு மயக்கம் வந்து நான் சர்க்கரையை மண் என்று சொன்னால் என் பேச்சைக் கேட்காதே. ஆள் நினைவிழந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். மருந்தாக எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் உங்கள் டாக்டரிடமும், அரசு மருத்துவமனையில் சித்தா பிரிவு இருந்தால் அங்கேயும் கேட்டுவிட்டு எடுங்கள்.

அந்த வாரமே செவ்வாய்க்கிழமை அண்ணனை டாக்டரிடம் கூட்டிப் போனேன். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும் பெண். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னோம். அண்ணன் திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். டாக்டர் அந்த மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதினார். பிறகு பையில் இருந்த இலையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாடத்துல ஒரு வரி படிச்சிருக்கேன்" என்றார்.

வெளியே இன்னும் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் எழுந்து கை கழுவும் இடத்தில் ஓர் இலையைக் கழுவி, வாயில் போட்டு மென்றார். துப்பிவிட்டு வந்து, மேஜையில் இருந்த குளுக்கோஸ் டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி நாக்கில் வைத்தார். இன்னொரு கரண்டி வைத்தார். கண்கள் பெரிதாகிக்கொண்டே போயின. அண்ணன் தலையை நிமிர்த்தி, தன் கடை பலகாரத்தை ருசி பார்க்கிற வாடிக்கையாளரைக் கவனிப்பது போல அவரைக் கவனித்தார்.

"மண்ணு மாதிரி இருக்கா டாக்டர்?"

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். வாசலில் நின்ற நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிடலாமா என்று எட்டிப் பார்த்தார். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தி, "நீங்க உள்ள வாங்க சிஸ்டர், ஒரு எலை இருக்கு" என்றார். பிறகு அண்ணனின் சீட்டை இழுத்து, மாத்திரைகளுக்குக் கீழே சிறுகுறிஞ்சான் என்று தமிழில் எழுதி அடிக்கோடு போட்டார்.

"என்ன சாப்பிட்டாலும் இனிமே எங்கிட்ட சொல்லிட்டுச் சாப்பிடுங்க" என்றார். "நானும் கத்துக்கணும்."